தொப்பி மட்டும் மாறும் தேசங்கள்

ஜனவரி 10, 1983. திங்கள். வூஸ்டர்.

காலையிலிருந்து ரேடியேட்டர் முனகிக்கொண்டிருக்கிறது. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடும் வருகிறது, முனகலும் வருகிறது. கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லலாமா? நாளை சொல்லலாம்.

சங்கத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. பழைய தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஓய்வுபெற்ற நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் பேட்டைச் சரித்திர சங்கத்துக்கு வழக்கமாக உடைந்த கடிகாரங்கள்தான் வரும். இந்தப் பெட்டி நிறையக் காதலர் தின அட்டைகள். எல்லாம் இந்த நூற்றாண்டின் முதல் முப்பது வருடங்களைச் சேர்ந்தவை. இறந்துபோன யாரோ ஒரு அம்மாள் ஆசையாகச் சேர்த்தவை. அட்டை செய்வதில் ஒரு காலத்தில் பேர் வாங்கிய ஊர் இது. எல்லாம் இங்கே செய்ததாக இருக்கும் என்று நினைத்தேன். புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’.

சங்கத்தை நடத்துகிற லொரெய்ன் கோடெட் சொன்னார்: “ஆல்டன், காலேஜ் லைப்ரரில ஆயுசு பூரா புத்தகத்துக்கு எண்ணு போட்டீங்கல்ல, இதுக்கும் போடுங்க. நாடு வாரியா பிரிங்க. பிப்ரவரி பதிமூணு கண்காட்சி. ஒவ்வொரு நாட்டுக்கும் கீழ நாலு வரி எழுதணும். நாலே நாலு. உங்க நாலு வரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

எங்கள் சங்கத்துத் திருமதி பரோனியன் கிழிந்தவற்றை ஒட்டித் தருவதாகச் சொன்னார். என் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

எழுத வேண்டியது அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 12.

ஹாலந்துப் பெட்டி முதலில் நிறைந்துவிட்டது. மரச்செருப்பு, காற்றாலை, டியூலிப் பூ, காதோரம் சிறகு விரித்த வெள்ளைத் தொப்பி. இந்த ஹாலந்தில் பெரியவர்களே இல்லை. மாடு கறக்க ஆள் இல்லை, மழை இல்லை, யாருக்கும் கால் நனைவதில்லை. இரண்டு குழந்தைகள் ஒரு பாலத்தின் மேல் உதடு குவித்தபடி நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

ஜப்பான் பெட்டியில் பார்த்தால் அதே குழந்தை. தொப்பிக்குப் பதில் காகிதக் குடை. ஸ்காட்லாந்தில் அதே குழந்தைக்குக் கட்டம் போட்ட பாவாடை. ஸ்பெயினில் விசிறி. பனிக்கட்டி வீட்டின் வாசலில் தோல் சட்டை. யானை மேல் தலைப்பாகையோடு ஒரு பையன், பின்னால் பேரீச்ச மரம், பக்கத்தில் ஒட்டகம் — வரைந்தவருக்கே எந்த நாடு என்று நிச்சயமில்லை போலிருக்கிறது. இந்தியா என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். கன்னம் எல்லா நாட்டிலும் ஒரே சிவப்பு.

மதியம் நாற்காலியில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். ஜெர்மனியில் ஒரு மாடி அறை. ஒரு சித்திரக்காரர் தன் மகளை ஜன்னலருகில் நிறுத்தியிருக்கிறார். அவள் தலையில் ஒவ்வொரு தொப்பியாக வைத்து எடுக்கிறார். ‘ஆடாதே, இப்போது நீ நார்வே.’ அவளுக்குப் பசிக்கிறது. ‘இன்னும் சீனா இருக்கிறது, அப்புறம் சாப்பாடு.’ வெளியே பனி கொட்டுகிறது. உலகத்திலுள்ள எல்லா நாட்டுக் குழந்தைகளும் அவள் ஒருத்திதான்.

கண் விழித்தபோது திருமதி பரோனியன் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “மிஸ்டர் தர்லோ, இந்தப் பொண்ணுக்குக் கை ஒட்டணுமா, இல்ல கையில்லாமலே காதலிச்சிடுவாளா?”

ஒட்டலாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஜனவரி 15. சனி.

அவர் ஒரு குப்பியில் ‘தான்’ கொண்டுவந்தார். அவர்கள் வீட்டு மோர். உப்பும் புதினாவும் போட்டது. குளிர்காலத்தில் மோரா என்று லொரெய்ன் முகம் சுளித்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிறகு அவர் பசை தடவிக்கொண்டே சொன்னார். “சோனா கூப்பிட்டிருந்தா. என் பொண்ணு, ஃப்ரெஸ்னோல இருக்காளே. ‘அங்க தனியா பனியத் தள்ளிக்கிட்டு என்னம்மா பண்றே, கலிஃபோர்னியாவுக்கு வந்துடு’ன்னு. பிப்ரவரி கடைசிக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன்.”

நான் கேட்டது: “அங்கே வெயில் அதிகமோ?”

ஜனவரி 16.

போகாதீர்கள் என்பது ஒரே ஒரு சொல். எழுபத்தொரு வயதுவரை படித்த மனிதனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. வானிலை வந்தது.

ஜனவரி 20.

லொரெய்ன் அட்டைக் கட்டு ஒன்றை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். “இத வைக்க முடியாது ஆல்டன்.”

கறுப்பினக் குழந்தைகளைக் கேலியாக வரைந்த அட்டைகள். உதட்டை ஊதப்பண்ணி, கையில் தர்பூசணியைக் கொடுத்து, கீழே கொச்சைப் பேச்சில் ஒரு செய்யுள். அதே சித்திரக்காரர்களின் கைவேலைதான். ஆனால் அந்த ஜன்னலோர மகள் இதில் இல்லை. மற்ற எல்லாத் தேசத்துக்கும் தன் குழந்தையை மாதிரிக்கு நிறுத்தியவர் இதற்கு நிறுத்தவில்லை. எந்தக் குழந்தையையும் பார்த்து வரைந்ததில்லை இது.

இதை யாராவது யாருக்காவது வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையின் பின்னால் பெயர்கூட இருக்கிறது.

மறைத்துவிட்டால் இந்த ஊர் நல்ல ஊராகத் தெரியும். அது சரியா? காட்டினால் மறுபடி ஒருவரைப் புண்படுத்துவதா? லொரெய்னிடம் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. எனக்கு முடிவெடுக்க வராது. எண் போட மட்டும் வரும்.

ஜனவரி 24.

திருமதி பரோனியன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்று இன்றுதான் தெரிந்தது. பள்ளி முடித்ததும் சேர்ந்து, அறுபது வயது நெருங்கும்வரை. கணவர் போன பிறகும் விடவில்லையாம்.

அப்படியென்றால் நூலகத்திலிருந்து வெளியூருக்குப் பேச நான் ரிசீவரை எடுத்தபோதெல்லாம், எந்த எண் வேண்டும் என்று கேட்ட குரல்களில் ஒன்று அவருடையதாக இருந்திருக்கலாம். ஒரு தடவையாவது இருந்திருக்கும். எண்ணைச் சொல்லிவிட்டு, நன்றி என்று நான் சொல்லியிருப்பேன். சொன்னேனா? எப்போதும் சொல்லும் வழக்கம்.

நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பனி மூடிய ஊரின் மேல் கம்பிகள் ஓடுகின்றன. எல்லாக் கம்பிகளும் ஒரு மேசையில் போய் முடிகின்றன. அங்கே ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஏதோ ஒரு பதிப்பகத்தின் எண்ணைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாட்டுக்கும் இன்னும் நாலு வரி எழுதவில்லை.

ஜனவரி 28.

லொரெய்னுக்கு ஒரு யோசனை. பள்ளியில் செய்வதுபோல ஒரு பெட்டிக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, மூடியில் கீறல் போட்டு வைக்கப்போகிறார். பதினாலாம் தேதி எல்லோரும் எல்லோருக்கும் அட்டை போட வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது, கையெழுத்தும் போடக்கூடாது. யாருடையது என்று வாங்கியவர் ஊகிக்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

“ஆனா ஒரு விசேஷம்,” என்றார். “நம்ம கண்காட்சிக்குப் பொருத்தமா, அவங்கவங்களுக்கு அவங்கவங்க நாட்டு அட்டை. இரட்டையா இருக்கிறதுல எடுத்துக்குங்க. ஹெல்மர், உங்களுக்கு ஸ்வீடன் ரெடியா இருக்கு.”

“என் தாத்தா வந்த ஊரு,” என்றார் ஹெல்மர் லிண்ட், எங்கள் பொருளாளர். “நான் ஸ்வீடனையே பாத்ததில்ல. பாத்தா ஸ்வீடனும் என்னைப் பாக்கப் பயப்படும்.”

திருமதி பரோனியன் சிரித்தார். பசைக்கோலைக் கழுவ எழுந்து போனார்.

அவருக்கு நான் ஒரு அட்டை போடப்போகிறேன். கையெழுத்து வேண்டாம் என்பது எவ்வளவு நல்ல வழக்கம்! நான்தான் என்று சொல்லாமலே, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 2.

திருமதி பரோனியனுக்குப் போட ஆர்மீனியா இல்லை.

எல்லாப் பெட்டியையும் திரும்பப் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்கு ஆட்டுக்குட்டி இருக்கிறது, ஹவாய்க்குப் புல் பாவாடை இருக்கிறது. நிலவில் வசிப்பவர்களுக்குக்கூட ஒரு அட்டை இருக்கிறது. இந்த ஊரில் அவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது, ரொட்டிக்கடை இருக்கிறது. அவர்களை மட்டும் யாரும் வரையவில்லை.

பிப்ரவரி 5. சனி.

கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன். இரட்டை அட்டைகளின் அடியில் இருந்தது.

பின்னல் வேலை செய்த ஜன்னல். அதன் முன்னால் மெத்தையில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். முகத்தின் கீழ்ப்பாதியில் மெல்லிய திரை. வெளியே குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாவுடன் ஒரு பையன் வீணை மாதிரி எதையோ மீட்டுகிறான். ஓரத்தில் இழுப்பதற்கு ஒரு காகித நாக்கு. இழுத்தால் அவள் கண்கள் இடமிருந்து வலம் போகின்றன. கறுப்புக் கண்கள். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் கண்கள். எதிர் மேசையில் அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

துருக்கி அட்டைதான், தெரியும். ஆனால் தனித் தலைப்பு இல்லாத ஒன்றை அதற்கு மிக அருகிலுள்ள தலைப்பின் கீழ் வைக்க வேண்டும் என்பதுதான் நான் பழகிய விதி. நிலப்படத்தை விரித்து விரலை வைத்தும் பார்த்தேன். பக்கத்து நாடு. இதைவிட அருகில் ஒன்றுமில்லை.

அழகான அட்டை. அவருக்குப் பிடிக்கும்.

பிடிக்குமா?

பிப்ரவரி 9.

மதியம் மறுபடி அந்த ஜெர்மானிய மாடி அறை. மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். தலையில் ஒன்றும் இல்லை. சித்திரக்காரர் தூரிகையைப் பிடித்தபடி, ‘இப்போது நீ எந்த நாடு?’ என்று அவளைக் கேட்கிறார். அவள் சொல்கிறாள். நான் நன்றாக முன்னால் சாய்ந்து கேட்கிறேன். ரேடியேட்டர் முனகலில் கேட்கவில்லை.

பிப்ரவரி 12. சனி.

நேற்றிலிருந்து பெரும்பனி. தெருவில் கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகள். கண்காட்சியை இருபதாம் தேதிக்குத் தள்ளிவிட்டதாக லொரெய்ன் போன் செய்தார். “ஆனா பெட்டி பதினாலுதான். அதுக்குப் பனியாவது, புயலாவது. நடந்தே வாங்க.”

ஜன்னலில் உட்கார்ந்து அவர் வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து தெரியாது. அவர் வாசலை யார் பெருக்கித் தருவார்கள்? மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் வாசல் பனியை மட்டும் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன்.

பிப்ரவரி 14. திங்கள்.

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காப்பி, இனிப்பு ரொட்டி. லொரெய்ன் பெட்டியைத் திறந்து பெயர் படித்துக் கொடுத்தார். ஹெல்மருக்குப் பனிச்சறுக்குச் சிறுவன். லொரெய்னுக்கு ஈஃபிள் கோபுரமும் சடைநாயும். “எங்க ஆளுங்க கியூபெக்ல உருளைக்கிழங்கு தோண்டினவங்கப்பா, பாரிஸ்க்கு எங்க போனோம்!” என்று சிரித்தார். எனக்கு நாடு ஏதும் இல்லை, ஒரு பூனை.

திருமதி பரோனியன் தன் உறையைப் பிரித்தார். அட்டையை வெளியே எடுத்தார். நாக்கை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“மறுபடி மூணாம் கிளாஸ்,” என்றார்.

லொரெய்ன் புரியாமல் பார்த்தார்.

“வருஷா வருஷம் எனக்கு இதுதான் வரும். ஹாலந்துப் பிள்ளைக்கு ஹாலந்து, ஐரிஷ் பிள்ளைக்கு ஐரிஷ். எனக்கு எது போடறதுன்னு தெரியாம இந்தக் குல்லாக்காரன். பசங்க கெட்டவங்க இல்ல. கடையில தேடித்தான் வாங்கிட்டு வருவாங்க. முதல் தடவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எங்கம்மாகிட்ட காட்டினேன். எங்கம்மாவோட அப்பாவையும் தம்பிங்களையும் கொன்னவன் போட்டிருந்த குல்லா. அவங்க ஒரு வார்த்த பேசல. அடுப்பு மூடியத் திறந்தாங்க, போட்டாங்க. எனக்கு சூப் ஊத்தினாங்க.”

லொரெய்ன் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார்.

அவர் சிரிக்க முயற்சி செய்தார். “சரி, யாரு போட்டது? கோவிச்சுக்க மாட்டேன். ஊகிக்கணும்ல.”

ஹெல்மர் என்னைப் பார்க்கவில்லை. லொரெய்ன் என்னைப் பார்க்கவில்லை. நான் யாரையும் பார்க்கவில்லை.

“யாருங்க?” என்றார் இரண்டாவது முறை.

காப்பியில் ஆடை படிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயத் தெறக்கலியே நான். ஒரு வார்த்தை — நான்தான்னு. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? உயிரா போயிருக்கும்?

துருக்கியில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்த அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தைப் பற்றிய புத்தகங்களுக்கு எண் போட்டவனே நான்தானே. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்றுகூடத் தெரியும். அலமாரியில் இருந்ததை எதிரில் உட்கார்ந்திருந்தவரோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

பக்கத்து நாடாம். விரலை வைத்துப் பார்த்தேனாம்.

பிப்ரவரி 15.

போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16.

காலையில் உட்கார்ந்ததும் எழுத வந்துவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒன்று போதும்:

‘இவற்றை வரைந்தவர்கள் இந்த நாடுகளுக்குப் போனதில்லை. வாங்கியவர்களும் போனதில்லை. சில சமயம், இவை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தனவோ, அவர்கள் மட்டுமே அங்கிருந்து வந்தவர்கள்.’

ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. இது எனக்கு வழக்கமில்லை.

பிப்ரவரி 17. வியாழன்.

அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பினேன், பிறகு மறுபடி போனேன்.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். “பூட்ஸக் கழட்டிட்டு வாங்க மிஸ்டர் தர்லோ. தரை துடைச்சிருக்கேன்.”

சமையலறையில் உட்காரவைத்தார். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். நின்று சொல்வதுதான் சரி என்று பட்டது.

“அந்த அட்டை நான் போட்டது.”

“தெரியும்.”

“எப்படி?”

“பின்னாடி பென்சில்ல எண்ணு இருந்தது. காதலர் அட்டைக்கு எண்ணு போட்டுத் தர்ற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? உக்காருங்க.”

உட்கார்ந்தேன். எண் போட்டது எனக்கு நினைவே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

“அட்டைக்காகக் கோவமில்ல,” என்றார், கரண்டியைத் திருப்பிக்கொண்டே. “அது பழகிப்போச்சு. ரெண்டு தடவ கேட்டேன், யாருன்னு. நீங்க காப்பியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்க எண்ணு என் உள்ளங்கைக்குக் கீழ இருக்கு, நீங்க காப்பியப் பாக்கறீங்க. அதுதான். மூணாம் கிளாஸ்லயும் டீச்சர் கேட்டாங்க, ஒரு பய வாயத் தெறக்கல.”

“ஆமாம்,” என்றேன்.

“எதுக்கு அதப் போட்டீங்க?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “கண்கள் உங்களுடையதைப் போல இருந்தன.”

அவர் அடுப்பைக் குறைத்தார். ரொம்ப நேரம் குறைத்துக்கொண்டே இருந்தார்.

“பேசாம இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்,” என்றார்.

பிறகு தட்டு வைத்தார். கோதுமைச் சோறும் வெங்காயமும். சாப்பிடும்போது சொன்னார்: “சோனாகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். மார்ச் கடைசில. ஃப்ரெஸ்னோல எங்க ஆளுங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க. அங்க ‘நீங்க என்ன, எந்த நாட்டு ஆளு?’ன்னு என்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் ஜபேல், அவ்வளவுதான். எனக்கு அது வேணும் மிஸ்டர் தர்லோ. எப்பவோ வேண்டியிருந்தது. அதனால, இருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் முடியாதுன்னு சொல்லணும். நல்லா இருக்காது.”

இருங்கள் என்ற அந்தச் சொல்லைத்தான் ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொல்லவில்லை. இந்த முறை பயத்தால் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும்: பயத்தால் இல்லை. அவர் போக வேண்டும் என்று எனக்கும் தோன்றியது.

திரும்பும்போது தெருவிளக்குகள் ஏற்றிவிட்டார்கள். பனியில் நீலம் படிந்திருந்தது. எல்லா வீட்டு ஜன்னலும் மஞ்சளாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல. நாக்கைப் பிடித்து யாராவது இழுத்தால் இந்த ஊரே இடமிருந்து வலம் நகரும் என்று தோன்றியது. கண் கலங்கியிருந்தால் அப்படித்தான் தெரியும் போல.

பிப்ரவரி 20. ஞாயிறு.

கண்காட்சி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம்.

இழுப்பறையில் பூட்டிய அட்டைகளிலிருந்து ஒன்றையாவது வைக்க வேண்டும் என்று காலையில் லொரெய்னிடம் சொன்னேன். இதுவும் இந்த ஊர்க் கடையில் விற்றதுதான், இல்லையென்று ஆகாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு என்ன ஆச்சு ஆல்டன்? காய்ச்சலா?” என்றார். பிறகு சாவியை எடுத்தார்.

“நாலு வரி கேட்டேன், மூணோட நிறுத்திட்டீங்களே,” என்றும் சொன்னார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் ஒரு கறுப்பின அம்மாள் நின்றார், கோயிலுக்குப் போய் வந்த உடையில். அட்டையைப் பார்த்தார், என் மூன்று வரியைப் படித்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “என் அக்காவுக்கு வந்தது இந்த மாதிரி ஒண்ணு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். “கிழிச்சுப் போட்டா. நல்லவேளை, ஒண்ணு மிச்சமிருக்கு. இல்லன்னா நான் கதை விடறேன்னு சொல்வாங்க.” சரி செய்தேனா என்று இன்னும் நிச்சயமில்லை. ஆனால் அவர் சட்டென்று போய்விடவில்லை.

திருமதி பரோனியன் கடைசியில் வந்தார். படித்தார். கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“பரவால்ல ஆல்டன்,” என்றார்.

பிப்ரவரி 21.

ஆல்டன் என்றார்.

மார்ச் 5. சனி.

அவருக்குச் சாமான் கட்ட உதவப் போனேன். அவர் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளின் மேல் எழுதிக்கொண்டிருந்தேன்: சமையலறை, சமையலறை, படங்கள்.

இருங்கள் என்று கேட்கக்கூடாது. சரி. ஆனால் உலகத்தில் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதானா இருக்கிறது?

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. அந்தத் தட்டை முடித்து, அடுத்த தட்டை எடுத்து, அதையும் பாதி சுற்றிய பிறகு சொன்னார்: “சோனா வீட்டு எதிர்ல ஒரு கிழவி கராஜ் மேல ரூம் வாடகைக்கு விடறா. வாய் ஜாஸ்தி. உங்களுக்குத் தாங்குமா?”

தாங்கும் என்றேன்.

“அப்ப இந்தப் பெட்டியில ‘கண்ணாடி, ஜாக்கிரதை’ன்னு எழுதுங்க. எழுதாம என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?”

மார்ச் 6.

ரேடியேட்டரைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டைக் காலி செய்வதைப் பற்றியும் சொன்னேன். முதலாவதைச் சொல்லத்தான் சிரமமாக இருந்தது.

மே 29. ஞாயிறு. ஃப்ரெஸ்னோ.

கோயில் மைதானத்தில் விருந்து. மல்பெரி மரத்தடியில் நீள மேசைகள், கரியில் ஆட்டிறைச்சி, கூடை கூடையாக ஆப்ரிகாட் பழம். பழத்தைக் கையில் எடுத்தால் வெயில் அதன் உள்ளேயிருந்து வருவது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஜபேலைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது. இவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் வூஸ்டரில் கேட்டதில்லை. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

என்னைத்தான் கேட்கிறார்கள்.

எதிரில் கறுப்பு உடையில் ஒரு மூதாட்டி வெகுநேரம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஜபேலிடம் அவர்கள் மொழியில் என்னவோ கேட்டார். ஜபேல் பதில் சொன்னார். மேசை முழுக்க என் பக்கம் திரும்பி, அன்பாக, ஆர்வமாகப் பார்த்தது.

“என்ன கேட்டாங்க?”

“‘இவர் என்ன?’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

மூதாட்டிக்கு அது போதவில்லை. தன் பேரனை விட்டு என்னிடமே கேட்கச் சொன்னார். அவன் சங்கடத்தோடு கேட்டான்: “பாட்டி கேக்கறாங்க, உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் மெல்லமா பேசுவாங்களா? சாப்பாட்டப் பாத்துக்கிட்டே இருப்பாங்களா?”

என் ஆட்கள். எழுபத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நூறு வருடக் கல்லறைகளும் வெள்ளைக் கோபுரக் கோயில்களும் மண்வெட்டிகளுமாக ஒரு பெரிய கூட்டம் எனக்குப் பின்னால் வந்து நின்றது. நான் சொல்லப்போகும் பதிலை வைத்துத்தான் தங்களை எடைபோடுவார்கள் என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆமாம் என்றேன். பிறகு, எல்லோரும் இல்லை என்றேன். மூதாட்டி காதில் கையை வைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஜபேல் என் தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தார்.